யார் நிரூபிக்க வேண்டும்?

மகாவலிக் கரை மக்களும் காணிக் கேள்வியும்

(கண்டியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழங்குடி மக்கள், இயற்கை வளம், காணி, அடையாளம் என்ற நான்கையும் தொட்டு உரையாற்றும்படி அறக்கட்டளையார் கேட்டிருந்தார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் அமேசன் காடும் ஆஸ்திரேலியச் சுரங்கமும் கண்முன் வந்து நிற்கும். அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை நமக்கு இல்லை. இந்த நகரத்தைச் சுற்றி வளைந்தோடும் மகாவலியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் போதும். பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகளைக் கடந்து மஹியங்கனைச் சமவெளியை அடைகிறோம். அதுதான் பழைய பிந்தென்ன, வேடர் நாடு. அந்தச் சில மணிநேரப் பயணத்தின் இரு மருங்கிலும் காணியை இழந்த, அல்லது காணியே கிடைக்காத, மூன்று மக்கள் வாழ்கிறார்கள். கண்டிய சிங்களக் கிராமத்தவர், மலையகத் தமிழர், வேடர்.

மூன்று கதைகளையும் தனித்தனியாகப் படிப்பதே நம் வழக்கம். முதல் கதையைச் சிங்கள வரலாற்றாசிரியர் எழுதுவார். இரண்டாவதைத் தொழிற்சங்கக்காரர் எழுதுவார். மூன்றாவதை மானிடவியலாளர் எழுதுவார். மூன்றையும் ஒரே நூலில் கோக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு துண்டு நிலத்தைப் பற்றித் தகராறு வந்தால், அதைத் தனதென்று நிரூபிக்க வேண்டியவர் யார்? அங்கே இருப்பவரா, எடுக்க வருபவரா? 1840 முதல் இன்றுவரை இந்த நாட்டுச் சட்டம் பெரும்பாலும் இருப்பவரையே நிரூபிக்கச் சொல்லியிருக்கிறது. அந்தச் சுமை ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்கு எப்படி மாறியது என்பதே இன்றைய உரை.

மகுல் மடுவவில் கொடுத்த வாக்கு

தலதா மாளிகைக்கு அருகில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்களோடு நிற்கும் மகுல் மடுவவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை அங்கேதான் வாசிக்கப்பட்டது. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்தத்தைப் பற்றியது. அதைப் பலரும் அறிவர். நான்காம் பிரிவை அவ்வளவாக எவரும் நினைப்பதில்லை. மக்களின் எல்லா வகுப்பாருக்கும் உயிர்ப் பாதுகாப்பும் உடைமைப் பாதுகாப்பும், அவர்களிடையே நிலவும் சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் ஏற்ற உரிமைகளும் உண்டு என்று அது வாக்களித்தது.

அந்த வழக்கங்கள் எப்படிப்பட்டவை? கண்டி இராச்சியத்தில் நிலம் ஒருவருக்கே முழுதும் உரிய பொருளாக இருக்கவில்லை. அரசனுக்கு ஒரு பங்கு உரிமை, பிரதானிக்கு ஒன்று, விகாரைக்கு ஒன்று, உழுபவனுக்கு ஒன்று என்று அடுக்கடுக்காக இருந்தது. வயலுக்கு ஈடாக அரசனுக்குச் செய்யும் இராஜகாரியச் சேவை. வயலுக்கு மேலே மேட்டில், காடு வெட்டிச் சுழற்சியாகச் செய்யும் சேனைப் பயிர். அதற்கும் மேலே மாடு மேயவும் விறகு எடுக்கவும் தேன் அழிக்கவும் காடு. இவற்றுக்கு எழுத்தில் உறுதி இருப்பது அரிது. ஊர் அறியும், அதுவே உறுதி.

வேடரும் இந்த ஒழுங்குக்குள் இருந்தவர்களே. அவர்களை உலகமறியாக் காட்டுவாசிகளாகக் காட்டும் சித்திரம் பிற்காலத்தது. 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்பு முனை வேண்டுமானால் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, முனையின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதன்படி செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வந்து சேருமாம். நேருக்கு நேர் முகம் பாராத வியாபாரம்தான். ஆனாலும் அது வியாபாரம், உறவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, 2022இல் வெளிவந்த தம் நூலில் வேடர் கண்டி இராச்சியத்தின் உள்ளேயே வாழ்ந்த, அதன் அரசியலில் பங்கெடுத்த மக்கள் என்பதை விரிவாகக் காட்டினார். 1817இல் ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டபோது வேடரின் வில்லும் அதில் இருந்தது.

ஆகவே 1815இல் வாக்குப் பெற்றவர்களில் அவர்களும் அடக்கம்.

பன்னிரண்டாம் இலக்கச் சட்டம்

வாக்குக் கொடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் கோப்பி வந்துவிட்டது. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1830களின் இறுதியில் பணம் கொழிக்கும் தொழிலாயிற்று. நிலம் வேண்டும், அதுவும் விரைவாக வேண்டும், விற்பவருக்கு ஐயமற்ற உரித்து வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் அதற்காகவே பிறந்தது.

காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அது அறிவித்தது. சேனை நிலத்துக்குத் தனி விதி. தோம்பு எனும் காணிப் பதிவேடு இல்லாத பழைய கண்டி மாகாணங்களில், சேனையைத் தமதென்று சொல்பவர் அரசன் அளித்த சன்னஸ் உறுதியையோ மானியத்தையோ காட்டவேண்டும். அல்லது அண்மைக் காலத்தில் அதற்கு வரியோ சேவையோ செலுத்தியதை நிரூபிக்கவேண்டும். ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்தில் தோம்பு எழுதப்பட்டிருந்தது, கண்டியில் எழுதப்படவில்லை. எழுதாத நாட்டில்தான் எழுத்தைக் கேட்டார்கள்.

காணியை வாங்கியவர்களின் வரிசையில் ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கன்சி உட்பட உயர் அதிகாரிகள் பலர் இருந்தார்கள். சட்டம் இயற்றியவர், அளந்தவர், ஏலம் விட்டவர், வாங்கியவர் எல்லோரும் ஒரே விருந்து மேசையில் அமர்பவர்கள். 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. உடனடிக் காரணம் புதிய வரிகள். அடியில் கனன்றது இந்தக் காணி விவகாரமும்தான். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு இதே கண்டியில், போகம்பறையில், சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம். அதிகாரி அறிவித்தல் ஒட்டுவார். குறித்த சில மாதங்களுக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குரியது. வாசிக்கத் தெரியாத ஊரில் ஒட்டிய அறிவித்தல் என்னவாகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பையும் சொல்லவேண்டும். தோட்டங்கள் கிராமத்தவரின் வயலைப் பறித்தனவா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே நெடிய விவாதம் உண்டு. வயலைப் பெரும்பாலும் பறிக்கவில்லை என்பதே ஏற்கத்தக்க முடிவு. பறிபோனது வயலுக்கு மேலிருந்த சேனையும் மேய்ச்சலும் காடும். ஆனால் மேடு இல்லாமல் வயல் மட்டும் தனியே நிற்காது. பஞ்ச காலத்தில் சோறு போட்டது சேனைக் குரக்கன். உழவு மாட்டை வளர்த்தது மேய்ச்சல். மக்கள்தொகை பெருகியபோது கிராமம் விரிவதற்கு இருந்த திசையும் அதுவே. 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை இந்த நெருக்கடியைப் பதிவு செய்தது.

கிராமத்தவரின் கண்ணுக்கு அந்த மேட்டில் தெரிந்தது யார்? துரை பங்களாவில் இருந்தார்; கம்பனி லண்டனில் இருந்தது. நாள்தோறும் கண்ணில் பட்டது லயத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளிதான். காணியை எடுத்தவரின் முகம் மறைந்து, அதில் உழைக்க அழைத்து வரப்பட்டவரின் முகமே பகையின் முகமாயிற்று.

பாட்டனின் பிறப்பு

1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தலைகாட்டிய கோப்பி இலைநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பியை அழிக்க, தேயிலை மலையைப் போர்த்தியது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து போன தமிழ்த் தொழிலாளர்கள், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவைப்பட்டார்கள். குடும்பமாக வந்தார்கள், குடும்பமாக இருந்துவிட்டார்கள்.

தலைமுறைகளாக இருந்த அந்த மக்களிடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதே பழைய கேள்வியைக் கேட்டது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்ததை நிரூபி. அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அக்காலத்தில் ஒழுங்கான பதிவு எங்கே இருந்தது? கண்டி விவசாயியிடம் சன்னஸ் கேட்டதற்கும் தோட்டத் தொழிலாளியிடம் பாட்டனின் பிறப்பைக் கேட்டதற்கும் நடுவே 108 ஆண்டு இடைவெளி, தர்க்கம் ஒன்றே. எழுதி வைக்காதது உன் குற்றம்.

ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த சமூகத்தில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். இரண்டு தலைநகரங்கள் தலைகளை எண்ணின. அந்தத் தலைகளைக் கேட்டவர் இல்லை. பிரச்சினை சட்டப்படி முடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பிரஜாவுரிமை வந்தது, காணி வரவில்லை. 1972இல் காணிச் சீர்திருத்தம் ஆளுக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது; 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. கண்டிய விவசாயிக்கு நீதி என்று அது பேசப்பட்டது. பேசியதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நிலத்தில் மூன்று நான்கு தலைமுறை உழைத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணியைப் பங்கிட முனைந்தபோது தொழிலாளர் எதிர்த்தனர். டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். மலையகத்தின் காணிப் போராட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டுமானால் அது அவருடைய பெயர்தான்.

1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, உழைப்பு தொழிலாளியுடையது. இந்த மூன்றில் உறுதிப் பத்திரம் இல்லாதது எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். அண்மைக் காலத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் வழங்கும் திட்டம் வந்திருக்கிறது; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்பதை மறக்கவேண்டாம். ஏழு பேர்ச்சஸ் வீட்டுக்குப் போதும், வாழ்வுக்குப் போதாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாடே ஒரு கேள்வி கேட்டது: ஆபத்து என்று தெரிந்தும் ஏன் அங்கேயே இருந்தார்கள்? போக ஓர் இடம் வேண்டுமே! தனக்கென்று காணி இல்லாதவர் ஆபத்திலிருந்து விலகுவதற்குக்கூட இன்னொருவரின் அனுமதி தேவைப்படுகிறது.

அணையின் கணக்கு

இனி ஆற்றுக்கு வருவோம். தேயிலை மலையின் மண்ணை உறிஞ்சியது போல, மலையின் நீரையும் வளமாக எண்ணிய காலம் வந்தது. 1968இல் முப்பதாண்டுத் திட்டமாக வரையப்பட்ட மகாவலித் திட்டத்தை, 1977இல் வந்த அரசாங்கம் ஆறாண்டுத் திட்டமாகச் சுருக்கியது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜேர்மனி, மாதுரு ஓயாவுக்குக் கனடா என உதவி வழங்கும் நாடுகள் ஆளுக்கோர் அணையை ஏற்றன. 122 மீற்றர் உயர்ந்து நிற்கும் விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. அதன் மின்வலு 210 மெகாவாட். இந்த மண்டபத்தின் விளக்கிலும் அதன் ஒரு துளி இருக்கலாம். அந்த மின்சாரமும் நீரும் நாட்டுக்குத் தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் யார் விலை கொடுத்தார்கள்? பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கொத்மலைப் பள்ளத்தாக்கின் பழைய வயல்களும் கடதொர விகாரையும் போயின; வறட்சி ஆண்டுகளில் அந்த விகாரையின் மிச்சம் இன்றும் வெளியே தெரியும். பல ஆயிரம் கண்டியக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுக்கு இரண்டு திசைகள் காட்டப்பட்டன. ஒன்று மேலே: தோட்டங்களிலிருந்து வெட்டியெடுத்த தேயிலைக் காணி. மற்றது கீழே: மஹியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கம் மகாவலி வலயத்தில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்பு நிலமும்.

கூர்ந்து பாருங்கள். 1840இல் மேட்டை இழந்த கிராமத்தவரின் சந்ததி, 1980களில் பள்ளத்தையும் இழக்கிறது. நட்டஈடாக மேலே கொடுத்தது மலையகத் தமிழர் உழைத்த, ஆனால் அவர்களால் தமதென்று நிரூபிக்க முடியாத நிலம். கீழே கொடுத்தது வேடர் வேட்டையாடிய, ஆனால் அவர்களால் தமதென்று நிரூபிக்க முடியாத காடு. அரசு தன் கையிலிருந்து எதையும் கொடுக்கவில்லை. ஒருவரின் இழப்பை இன்னொருவரின் இழப்பால் ஈடு செய்தது. இதுதான் இந்தச் சங்கிலியின் பூட்டு.

வெளியேறியவர்களுக்கும் முழு உரித்துக் கிடைக்கவில்லை. அனுமதிப்பத்திரம், அளிப்பு என்று நிபந்தனைகளோடு வந்த காணி அது. விற்பதற்கும் பிள்ளைகளுக்குப் பிரிப்பதற்கும் கட்டுப்பாடுகள். இரண்டாம் தலைமுறை இப்போது காணியற்ற தலைமுறையாக நிற்கிறது.

தம்பானை

வேடருக்கு இது முதல் வெள்ளம் அல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் சேனாநாயக்க சமுத்திரமும் கிழக்குப் பிந்தென்னவின் வேட்டை நிலங்களை ஏற்கெனவே மூழ்கடித்திருந்தன. மகாவலித் திட்டம் மிச்சத்தை இரண்டாக வெட்டியது: ஒரு பகுதி குடியேற்றம், மறுபகுதி 1983 நவம்பர் 9இல் பிரகடனமான மாதுரு ஓயாத் தேசியப் பூங்கா. அதன் பரப்பு 58,850 ஹெக்டேயர். நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதியைக் காக்கவும், குடியேற்றத்தால் விரட்டப்பட்ட யானைகளுக்கு இடமளிக்கவும் அந்தப் பூங்கா தேவைப்பட்டது. யானைக்கு மாற்றிடம் யோசித்த திட்டம், அதே காட்டில் இருந்த மனிதர்களை மட்டும் வெளியேறச் சொன்னது.

பல குடும்பங்கள் ஹேனானிகலவுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. வேடரின் மூத்த தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் சிலரும் தம் ஊரான தம்பானையை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம், வேட்டை குற்றம், தேன் எடுப்பதும் குற்றம். நேற்றுவரை காட்டைக் காத்தவர்கள் ஒரு வர்த்தமானி அறிவித்தலில் களவாளிகள் ஆனார்கள். 1996இல் திசாஹாமியின் மகன் ஊருவரிகே வன்னில அத்தோ ஜெனீவாவுக்குப் போய், ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடி மக்கள் பணிக்குழுவில் இதை எடுத்துரைத்தார்.

பெரஹரா காலத்தில் தம்பானையிலிருந்து வேடர் தலைவர் தம் மக்களோடு கண்டிக்கு வந்து தலதா மாளிகைக்குத் தேன் காணிக்கை செலுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அரசர் காலத்து உறவின் தொடர்ச்சி என்று அறிவிப்பாளர் பெருமையோடு சொல்வார். பெருமைதான். ஆனால் அந்தத் தேன் எந்த மரத்தில் இருந்தது, அதை எடுக்க எவரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று அறிவிப்பாளர் கேட்பதில்லை. விழாவுக்கு வேடர் வேண்டும், காட்டுக்குள் வேண்டாம்.

எண்ணிக்கையைப் பாருங்கள். குடித்தொகை மதிப்பீட்டில் 1946இல் வேடர் 2,361 பேர், 1953இல் 803, 1963இல் 400. பிறகு நெடுங்காலம் அவர்களுக்குத் தனி இடமே இல்லை. ஏனையோரோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். பதினேழு ஆண்டுகளில் ஆறில் ஐந்து பங்கு மக்களை எந்தக் கொள்ளைநோய் கொண்டுபோனது? எதுவும் இல்லை. அவர்கள் சிங்களவராகவோ தமிழராகவோ எழுதப்பட்டார்கள். காட்டில் வாழாதவன் வேடனல்ல என்று அதிகாரி தீர்மானித்தார். காட்டிலிருந்து வெளியேற்றியதும் அதே அரசு. காணி போனதும் அடையாளமும் போனதாகக் கணக்கு முடிக்கப்படுகிறது. அடையாளம் இல்லாதவர் காணி கேட்கவும் முடியாது.

கிழக்கில் இது இன்னும் கூர்மையானது. வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர்ப் பக்கங்களில் வாழும் வேடர் தமிழ் பேசுபவர்கள். தம்பானையைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணி அவர்களை அறியமாட்டார். நம் தமிழ்ப் பாடநூல்களும் அறியா. கடற்கரை மணலில் உள்ள இல்மனைட்டை அகழும் திட்டங்களை எதிர்த்து வாகரை மக்கள் அண்மை ஆண்டுகளில் வீதிக்கு வந்தபோது, அது சுற்றாடல் செய்தியாகவே வெளிவந்தது. அங்கே ஒரு பழங்குடியின் நிலமும் இருக்கிறது என்பது செய்தியில் கரைந்துபோனது.

2020ஐ ஒட்டிய காலத்தில், பொல்லேபெத்த – றம்பக்கன் ஓயாப் பகுதியில் மகாவலி அதிகார சபையின் பொறுப்பிலிருந்த காட்டு நிலம் கம்பனிகளின் சோளச் செய்கைக்காகத் துப்புரவாக்கப்பட்டது. வன்னில அத்தோவும் சுற்றாடல் நீதி மையமும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். தேன் எடுக்கப் போனவரைத் தடுத்த அதே அரசின் பார்வையில், அதே பிந்தென்னவில், இயந்திரங்கள் காட்டுக்குள் போயின. கண்டிக் காட்டைக் கோப்பிக்குத் திறந்துவிட்ட 1840இன் மனப்பான்மை இன்னும் ஓய்வு பெறவில்லை.

கடல் தாண்டிய கண்ணி

இந்தச் சங்கிலி இலங்கையோடு நிற்கவில்லை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போனவர்களில் பலருக்கு நீலகிரியில் வேலை கொடுக்க, 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. டான்டீ என்று அதை அங்கே அழைப்பார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக் காட்டை வெட்டி நட்ட தேயிலை அது. கூடலூர்க் காடு பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகள் வாழ்ந்த நிலம். கண்டி மலையில் உரித்து மறுக்கப்பட்டவரைக் கொண்டுபோய், உரித்து எழுதப்படாத இன்னொருவரின் காட்டில் அமர்த்தினார்கள். அண்மை ஆண்டுகளில் நட்டத்தைக் காரணம் காட்டி அந்தத் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவானபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலை வந்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் அதே கேள்வி: இது உன் வீடு என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆனால் சுமையை மறுபக்கம் மாற்ற முடியும் என்பதற்கும் இந்தியாவில் ஒரு சான்று இருக்கிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் பொக்சைட் அகழ வேதாந்தா நிறுவனம் முனைந்தது. டோங்கிரியா கோந்த் மக்களுக்கு அந்த மலையே தெய்வம். 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், முடிவை அங்குள்ள கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அதற்கு அடிப்படையாக இருந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் விதிகளில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று: ஊர் மூத்தோரின் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டு சான்றாக ஏற்கலாம். அங்கும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. இலட்சக்கணக்கான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2019இல் நிராகரிக்கப்பட்டவரை வெளியேற்ற உத்தரவு பிறந்து, பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. இருந்தாலும் பாட்டியின் சொல் ஆவணமாகும் என்று ஒரு நாட்டுச் சட்டம் ஏற்றது சிறிய காரியம் அல்ல.

முதலில் வந்தவர் யார்?

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம்: வேடர் பழங்குடி, சரி; மலையகத் தமிழர் இருநூறு ஆண்டுக்கு முன் வந்தவர்கள்தானே, இருவரையும் எப்படி ஒன்றாகப் பேசுவது?

ஒன்றாக்கவில்லை. வேடரின் உரிமை தனித்தன்மை வாய்ந்தது. 2007 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. நிலத்தைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும் முன்கூட்டியே, வற்புறுத்தலின்றி, விளக்கம் பெற்ற சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சம்மதத்தை வேடரிடம் மட்டுமே கேட்கமுடியும். அதில் நாம் பங்கு கேட்கக்கூடாது.

ஆனால் உரிமைக்கெல்லாம் முதலில் வந்ததே அளவுகோல் என்றால் இந்தத் தீவில் வேடரைத் தவிர மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ளவேண்டும். வருகையை வைத்து உரிமையை அளப்பவர்கள், நடைமுறையில் வேடருக்குக் காடு கொடுத்ததில்லை. மற்றவரைத் துரத்த மட்டுமே அந்த அளவுகோலை எடுத்தார்கள். மலையகத் தமிழரின் கோரிக்கை வேறு அடிப்படையில் நிற்கிறது: மண்ணோடு கழித்த தலைமுறைகள், அதில் இட்ட உழைப்பு, அங்கே புதைத்த முன்னோர். கண்டியக் கிராமத்தவரின் கோரிக்கை மூன்றாவது அடிப்படையில்: எழுதாத வழமையும் வாக்களித்த உடன்படிக்கையும். மூன்றும் வெவ்வேறு நியாயங்கள். ஒன்றை ஏற்க இன்னொன்றை மறுக்கவேண்டியதில்லை. மறுக்கவேண்டும் என்று நம்மை நம்பவைத்ததுதான் இரு நூற்றாண்டு ஆட்சியின் சாமர்த்தியம்.

நாமும் அந்தச் சாமர்த்தியத்துக்கு இரையாகிறோம். வள்ளியை வேடர் குலத்துப் பெண் என்று திருவிழாவில் பாடுகிறோம். கதிர்காமப் பாதயாத்திரை போகிறோம். வாகரையின் வேடர் நம் மொழி பேசுவதைத் தமிழ்க் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். அவர்களுடைய காணிக்காக நாம் பேசியது எத்தனை முறை?

சுமையை இடம் மாற்றுவது

என்ன செய்யலாம் என்று கேட்காமல் இத்தகைய உரையை முடிக்கக்கூடாது. நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காணித் தகராறில் நிரூபணச் சுமை. ஒரு மக்கள் கூட்டம் தலைமுறையாக ஒரு நிலத்தில் வாழ்ந்தும் பயன்படுத்தியும் வருகிறது என்றால், அது அவர்களுடையதல்ல என்று காட்டவேண்டியது அதை எடுக்க வரும் திணைக்களத்தின் அல்லது கம்பனியின் பொறுப்பாகவேண்டும். மூத்தோர் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படவேண்டும்.

இரண்டாவது, மாதுரு ஓயா. வேடர் தேன் எடுக்கவும் மூலிகை சேர்க்கவும் முன்னோர் தலங்களுக்குப் போகவும் சட்டத்தில் நேரடியாக எழுதிய உரிமை வேண்டும். அதிகாரியின் கருணையால் கிடைக்கும் அனுமதி போதாது. காட்டைக் காப்பதில் அவர்களுக்குத் தீர்மானிக்கும் இடமும் வேண்டும்.

மூன்றாவது, தோட்டம். ஏழு பேர்ச்சஸ் வீட்டோடு நிற்காமல், கைவிடப்பட்டுக் கிடக்கும் தேயிலைக் காணியில் பயிர் நிலமும் உறுதியோடு கொடுக்கவேண்டும். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவிட இருந்த சட்டத் தடையே 2018இல்தான் நீங்கியது. தோட்டம் கம்பனியின் வேலைத்தளம் என்ற நிலை மாறி, ஊராக எழுதப்படவேண்டும். இதைக் கேட்கும்போது, அருகே காணியற்றிருக்கும் சிங்களக் கிராமத்தவரையும் பட்டியலில் சேர்த்துக் கேட்போம். வேறு எவருடைய காட்டையும் நமக்குத் தரவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வோம். இல்லாவிட்டால் சங்கிலி இன்னொரு கண்ணி நீளும்.

நான்காவது, நம் கையில் இப்போதே இருப்பது. சட்டம் மாறும் நாளுக்காக மூத்தோர் காத்திருக்கமாட்டார்கள். 1948ஐ நினைவில் வைத்திருப்பவர்களும் தெல்தெனிய மூழ்கியதைக் கண்டவர்களும் தம்பானைக் காட்டின் எல்லைகளைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்களும் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். பேராதனை மாணவர்கள் சிங்களமும் தமிழும் அறிந்த சிறு குழுக்களாகப் போய், மூன்று மக்களிடமும் காணி பற்றிய வாக்குமூலங்களைப் பதிவு செய்யவேண்டும். எந்த ஓடை எல்லை, எந்த மரம் அடையாளம், யார் எப்போது வெளியேற்றினார் என்று. வரைபடத்தோடு, சாட்சிக் கையொப்பத்தோடு, நாளை ஒரு நீதிமன்றத்தில் வைக்கத் தக்க முறையில். ஒரு மக்களின் வாக்குமூலத்தை மற்ற இரண்டு மக்களின் பிள்ளைகள் எழுதினால் இன்னும் நல்லது.

இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டும் ஓர் உரைக்கு ஒருவரை அழைக்கும். அப்போது பேச்சாளரோடு, அந்தப் பதிவின் முதல் தொகுதியும் இந்த மேடைக்கு வரட்டும் என்று அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கான செலவில் என் பங்காக, இன்றைய உரைக்கு எனக்குத் தரவிருக்கும் சன்மானத்தை இங்கேயே விட்டுச் செல்கிறேன்.